முந்திரித் தோப்பில் சம்பந்திகள்

1

"நைட் ஷிஃப்ட்டுன்னு சொன்னீங்களே சம்பந்தியம்மா. பண்ருட்டியிலயா இருக்கு உங்க வூட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட்டு?"

"உங்க வூட்டுக்காரர் திருச்சிக்கு ட்ரெயினிங் போயிருக்காருன்னு நீங்க சொல்லல? ட்ரெயினிங் குடுக்கிறவங்க எங்க, அந்த முந்திரி மரத்து மேல உக்காந்துக்கினு இருக்காங்களா?"

"எங்காளு சும்மா உடம்பு தேத்திக்க வந்தாரு."

"எங்காளு மட்டும் பாட்டு கத்துக்க வந்தாரா?"

"ஐயோ, குடிகார வூட்டுலயா பொண்ணு எடுக்க இருந்தோம்."

"அதே வார்த்தைய நானும் சொல்லலாம் சம்பந்தியம்மா. சொல்லட்டுமா?"

இந்த இடத்தில் யாரோ எழுந்து வந்து ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

கதையைச் சண்டையில் ஆரம்பித்தால் ஆள் சேரும் என்பது எனக்கு எங்கள் தெரு கற்றுக்கொடுத்தது. வேலி ஓரத்தில் யாராவது குரலை உயர்த்தினால், அடுப்பில் பால் பொங்கினால் பொங்கட்டும் என்று நாலு பேர் வாசலுக்கு வந்துவிடுவோம். நாலில் ஒருத்தி நான். மற்ற மூவருக்கும் கதை எழுதுகிற பழக்கம் இல்லை. அதனால் அவர்கள் மானத்தோடு இருக்கிறார்கள்.

சண்டை போடுகிறவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நைட் ஷிஃப்ட்டுக்காரரின் மனைவி அன்னமேரி, எனக்குப் பக்கத்து வீடு. இரட்டை வீடு, நடுவில் ஒரே சுவர். திருச்சி ட்ரெயினிங்காரரின் மனைவி ஸ்டெல்லா, நெய்வேலி டவுன்ஷிப்பின் அந்தக் கோடியில் இருப்பவர். அன்னமேரியின் மகள் நான்சியை ஸ்டெல்லாவின் மகன் ஜாஸ்பருக்குக் கொடுப்பதாகப் பேசி, பூவும் வைத்தாகிவிட்டது. இடம், பண்ருட்டி தாண்டி முந்திரித் தோப்புக்கு நடுவில் ஒரு குடிநோய் மறுவாழ்வு இல்லம். அன்றைக்குச் சிகிச்சையில் இருப்பவர்களோடு அவர்கள் குடும்பத்தாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசுகிற நாள். வருடம் இரண்டாயிரத்துப் பதினாலு. மாதம் மே. மாதத்தில் சந்தேகமே இல்லை, என் மடியில் பலாப்பழம் இருந்தது.

2

பலாப்பழம் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதை எனக்கு எப்படி வந்தது என்பதும்.

அன்று காலை பண்ருட்டி பஸ்ஸில் அன்னமேரியைப் பார்த்தேன். பூசைக்குக் கட்டுகிற சேலை. கையில் பெரிய டிபன் பை.

"எங்க அன்னமேரி?"

"சும்மா. ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு?"

"சொந்தக்காரங்களுக்கு."

நீளமாகப் பதில் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். ஒற்றை வார்த்தையில் சொன்னால் எனக்கு அது பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி. எனக்கும் பண்ருட்டியில் ஒரு பலாப்பழம் வாங்க வேண்டியிருக்கிறது என்று உடனே நினைவு வந்தது. இறங்கியதும் அவள் கண்ணில் படாமல் மண்டிப் பக்கம் ஒதுங்கி, அவசரத்தில் வியாபாரி எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். அவர் ஆள் பார்த்துக் கொடுக்கவில்லை. இரண்டு பேர் தூக்க வேண்டிய பழம். பலாப்பழத்தோடு ஒருத்தரைப் பின்தொடர்வது எப்படி என்று துப்பறியும் கதை எழுதுகிற யாரும் எழுதிவைக்கவில்லை.

தோப்புச் சாலையில் ஒரு ஷேர் ஆட்டோ என்னைத் தாண்டிப் போய் நின்றது. உள்ளேயிருந்து அன்னமேரி எட்டிப் பார்த்தாள்.

"ஏறுங்கக்கா. வெயில்ல எவ்ளோ தூரம் அதத் தூக்கிக்கினு வருவீங்க?"

ஏறினேன். வேறு என்ன செய்வது? போகிற வழியில் அவள் ஒன்றுதான் சொன்னாள்: "வந்தது வந்துட்டீங்க. வெளியவே உக்காருங்க. உள்ள வரக் கூடாது." நானும் உள்ளே போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை.

[இரண்டு சம்பந்திகளும் ஒரே இல்லத்தில் போய் விழுந்தது கதைக்காகச் செய்த ஏற்பாடு என்று வாசகர் நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், ஆண்டவர் என்னைவிட மோசமான கதாசிரியர் என்று. யோசித்தால் அப்படி இல்லை. டவுன்ஷிப்புக்குள் வைத்தியம் பார்த்தால் மாலைக்குள் மொத்த பிளாக்குக்கும் தெரிந்துவிடும். கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் நெய்வேலிக்காரர் யாராவது மூட்டுவலிக்கு உட்கார்ந்திருப்பார். ஆகவே எந்த நெய்வேலிக்காரர் கண்ணிலும் படாத இடமாக, தோப்புக்கு நடுவில், பஸ்கூடப் போகாத இடமாகத் தேடி அன்னமேரி பிடித்தாள். அதே கணக்கைப் போட்டு ஸ்டெல்லாவும் பிடித்தார். அவர்களுக்கு முன்னால் அதே கணக்கைப் போட்டவர்கள் அங்கே ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். வட்டத்தில் பாதிக்குமேல் எங்கள் ஊர்தான்.]

3

இனிக் கதையைப் படர்க்கையில் எழுதுகிறேன். அதுதான் மரியாதை.

அன்னமேரிக்குப் பொய் சொல்ல வராது. வராத அந்த வேலையைத்தான் அவள் பல வருடமாக விடாமல் செய்துகொண்டிருந்தாள். கணவர் அருள்நாதன் சுரங்கத்தில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்கு ஆபரேட்டர். பர்மனன்ட். பகலில் அவர் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற நாளில் யார் கதவைத் தட்டினாலும் அவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு வெளியே வருவாள். "நைட் ஷிஃப்ட்டுங்க. தூங்கறாரு."

நல்ல பொய்தான். ஆனால் நெய்வேலியில் சொல்ல வேண்டிய பொய் அல்ல. இங்கே ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும் என்பது பால்காரருக்குத் தெரியும், கீரைக்காரிக்குத் தெரியும், நாய்க்குக்கூடத் தெரியும். அருள்நாதனுக்கு மட்டும் மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். நாங்களும், "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்போம். எங்களுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்று எங்களுக்கும் தெரியும். எங்கள் பிளாக்கின் நாகரிகம் இதன் மேல்தான் நின்றது.

[இந்த இடத்தில் "அடுப்பின் புகையில் கலங்கிய அவள் கண்கள்" என்று ஒரு பத்தி ஆரம்பித்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லார் வீட்டிலும் கேஸ். அடித்துவிட்டேன்.]

நான்சிக்குப் பூ வைக்க ஸ்டெல்லா குடும்பம் வந்த அன்று காலையிலிருந்து அருள்நாதன் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அன்னமேரி பக்கத்திலேயே நின்று காவல் காத்தாள். குடிக்காததால் கை நடுங்கியது. அந்த நடுங்குகிற கையோடு அவர் சம்பந்திக்கு முதல் காபியை நீட்டினார். சம்பந்தி சைமன்ராஜ் அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர். அவரும் கையை நீட்டினார். அந்தக் கையும் நடுங்கியது. காபி பாயில் விழுந்தது. "சம்பந்தியாகற சந்தோஷத்துல ரெண்டு பேருக்கும் கை நிக்கல பாருங்க" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அன்னமேரி தன் வீட்டுக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லா தன் வீட்டுக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் கையைப் பார்க்க இருவருக்கும் நேரமில்லை.

(நான் பார்த்தேன். வழக்கம்போல.)

அன்று வந்தவர்கள் போனதும் அன்னமேரி அருள்நாதனிடம், "ஓலைக்கு* முன்னாடி சரியாவுலன்னா, நான்சி கல்யாணத்துல பந்தல்ல நிக்க வேண்டாம் நீங்க. நான் எங்க அண்ணன நிக்க வெச்சிக்கிறேன்" என்றாள். சுவர் வழியாகக் கேட்டது. அவள் கத்தவில்லை. கத்தாததால்தான் அவர் இல்லத்துக்குப் போகச் சம்மதித்தார் என்று நினைக்கிறேன்.

ஓலை வாசிப்பதைத் தள்ளிப்போட வேண்டுமே. ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டாள். லீவு கிடைக்கவில்லை, நைட் ஷிஃப்ட், கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாமா என்றாள். ஸ்டெல்லா, "அதுக்கென்ன சம்பந்தியம்மா, எங்க வூட்டுக்காரருக்கும் திருச்சியில ட்ரெயினிங் வந்துருச்சு" என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று அன்னமேரி நெகிழ்ந்துபோனாள். அந்தப் பக்கமும் அதே நெகிழ்ச்சி.

*கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள் என்பார்கள். அதுதான் ஓலை. அப்பா குடிப்பது தடையாகுமா என்று நானே சாமியாரிடம் போய்க் கேட்டேன். ஆகாதாம். "நீங்க எந்தப் பங்கும்மா?" என்று திருப்பிக் கேட்டார். நான் நெற்றியில் திருநீறோடு நிற்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

4

இல்லத்தின் ஆலோசகர் அபி. சின்ன வயசு, எல்லாருக்கும் மேடம். அவர் வட்டத்துக்குச் சொல்லும் விதிகள் சுவரில் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்தே படிக்கலாம், படித்தேன். ஒன்று, தன்னைப் பற்றித்தான் பேச வேண்டும். இன்னொன்று, வட்டத்தில் அடுத்தவர் சொன்னதை வெளியே சொல்லக் கூடாது. அவரவர் சொன்னதை அவரவர் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

இந்த விதிகள் எங்கள் பிளாக்குக்கு வந்தால் யாரும் வாயே திறக்க முடியாது.

இதில் எனக்குப் பெரிய நஷ்டம். ஊரில் ஒருத்தர் வாயைக் கிளறினால் ஒன்பது பேர் கதை வரும். இங்கே ஆளுக்கு அவரவர் பங்கு மட்டும்தான் வருகிறது. அடுத்தவர் பங்கு ஓட்டை. அந்த ஓட்டைகளை அப்படியே விட்டிருக்கிறேன். உதாரணத்துக்கு, பாவாடை எனக்குச் சொன்னது.

பாவாடை எங்கள் தெருவைக் கூட்டுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. அவரும் அந்த வட்டத்தில் இருந்தார். அருள்நாதன் அபி மேடத்திடம் தனியாகப் பேசியபோது சொன்னதையே வட்டத்திலும் முதல் நாள் சொன்னார் போலிருக்கிறது. உடனே பாவாடை பேசினார்.

அருள்நாதன்: [            ]

பாவாடை: "நல்லநாள், திருவிழான்னா மட்டுமா? அண்ணே, உங்க வூட்டு வேலியோரம் நான் பொறுக்கிக்கினே இருக்கிற குவாட்டர் பாட்டிலு எந்தத் திருவிழாவுது?"

அருள்நாதன்: [            ]

பாவாடை: "நான் எதுக்கு இங்க இருக்கிறனா? உங்க பாட்டில்ல மிச்சம் இருந்துச்சு, அதான் இருக்கிறேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டேன். பாவாடை துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அத அண்ணனத்தான் கேக்கணும். நான் சொன்னத நான் சொன்னேன். மொத்த வட்டமும் சிரிச்சிச்சு. சிரிச்சதுல நானும் உண்டு, அதுவரைக்கும் சொல்லலாம்."

இப்போது ஒரு கட்டுரைப் பத்தி. சகித்துக்கொள்ளுங்கள். தனியாக ஓர் ஆலோசகர் முன்னால் உட்கார்ந்தால் குடிக்கிறவர் நல்லபிள்ளையாகிவிடுகிறார். நாற்காலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் குறித்துக்கொள்கிறார், இந்தப் பக்கம் இருப்பவர் சொல்லிக்கொண்டே போகிறார். இது அபிக்குத் தெரியும். தெரிந்துதான் அவர் வட்டம் போடுகிறார். அதே பொய்யைச் சொல்லிப் பழகிய எட்டுப் பேர் நடுவில் அந்தப் பொய் அரை நிமிடம் நிற்காது. யாரும் போதிப்பதில்லை, யாரும் திட்டுவதும் இல்லை. "நானும் இப்படித்தான் சொன்னேன்" என்று ஒருவர் சொன்னால் போதும். போலீஸ், சாமியார், மாமனார், மேலதிகாரி எல்லாரும் சேர்ந்து வாங்க முடியாத வாக்குமூலம் பிளாஸ்டிக் நாற்காலியில் தானாக வருகிறது. [இந்தப் பத்தி நன்றாக இருக்கிறது. ஆகவே இதில் ஏதோ தப்பு இருக்க வேண்டும். எல்லாருக்கும் வருவதில்லை. பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள். அதையும் எழுதிவிட்டேன், கணக்குச் சரி.]

அந்த விதியால்தான் இன்னொன்றும் நடந்தது. அருள்நாதனும் சைமன்ராஜும் ஒருவரையொருவர் முதல் நாளே வட்டத்தில் பார்த்துவிட்டார்கள். இருவரும் மனைவியிடம் மூச்சுவிடவில்லை. நெய்வேலி சரித்திரத்தில் ஒரு விஷயம் வெளியே வராமல் இத்தனை நாள் இருந்தது அதுதான் முதல் தடவை. குடும்ப நாளில் அன்னமேரி கதவைத் திறந்தாள். எதிர்ப்பக்க நாற்காலியில் ஸ்டெல்லா உட்கார்ந்து முறுக்குப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார். மீதிதான் ஆரம்பத்தில் படித்தீர்கள்.

5

ஜன்னல் சாத்திய பிறகு உள்ளே என்ன நடந்தது?

முதல் முயற்சி: அருள்நாதன் நாற்காலியிலிருந்து சரிந்து, "நான் பாவி" என்று

இல்லை. பெல்ட் ஆபரேட்டர்கள் அப்படிச் சரிவதில்லை. முட்டி வலிக்கும்.

இரண்டாம் முயற்சி: இரு சம்பந்திகளும் எழுந்து நின்று கைகோத்துக்கொண்டு, இனி இந்தக் கையால் மதுவைத்

இல்லை. இது விழிப்புணர்வு ஊர்வலத்துத் தட்டி.

மூன்றாம் முயற்சி: அபி மேடம் மெல்ல எழுந்து, ஆழ்ந்த குரலில்

அபி மேடத்துக்குக் கீச்சுக் குரல். ஜன்னலைச் சாத்தும்போது, "ஆன்ட்டி, அந்தப் பழத்த நிழல்ல வைங்க" என்றதை நானே கேட்டேன்.

ஆக எனக்குக் கிடைத்தது அன்னமேரியின் பங்கு மட்டும். திரும்பி வருகிற ஆட்டோவில் அவளாகச் சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்காமலே ஒருத்தி சொன்னது எனக்குப் புது அனுபவம். ஒரு நிமிடம் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அபி சண்டையை விலக்கவில்லையாம். யார் சொல்வது சரி என்று கேட்கவும் இல்லை. வந்திருந்த பெண்களைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: "உங்க வீட்டுக்காரர் இப்ப எங்க இருக்கார்னு அக்கம்பக்கத்துல என்ன சொல்லிட்டு வந்தீங்க? வரிசையா சொல்லலாம்."

எல்லாரும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஓர் அம்மா [            ] என்றார். அடுத்தவர் [            ] என்றார். மூன்றாவது ஆள் சொன்னதற்கு நாலாவது ஆள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். என்ன சொன்னார் என்று அன்னமேரி கடைசிவரை சொல்லவில்லை. (நானே போட்டுப் பார்த்தேன். சபரிமலை? மே மாதத்திலா? கொழுந்தியாள் பிரசவம்? அதற்கு இவர் எதற்கு?) இருக்கிறவர்களிலேயே தான் ஒருத்திதான் புளுகி என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும்.

அன்னமேரியின் முறை வந்தது. எதிரில் ஸ்டெல்லா. சொன்னால் நான்சியின் கல்யாணம் இந்த நாற்காலியிலேயே முடிந்துபோகலாம். சொல்லாவிட்டால் நைட் ஷிஃப்ட் தொடரும். அவள் கையிலிருந்த டிபன் பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள்.

"நைட் ஷிஃப்ட்டுன்னு சொன்னேன்."

"ஒரு மாசமாவா அண்ணி?" என்றது பாவாடையின் குரல். [இது பாவாடையின் பங்கு. அவரிடமும் சரிபார்த்துவிட்டேன்.]

வட்டம் சிரித்தது. அன்னமேரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள், நிறுத்தியபோது அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருந்தாள். "என் வூட்டுக்காரர் குடிப்பாரு. தினமும் குடிப்பாரு. நான் கதவண்ட நின்னுக்கினு இல்லன்னு சொல்லுவேன்."

ஆட்டோவில் இதைச் சொல்லிவிட்டு அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மரங்கள் போய்க்கொண்டிருந்தன.

"சொல்றது கஷ்டமா இல்லக்கா. சொன்னதும் யாருமே அதிர்ச்சியாவுல. ஐயோன்னு ஒருத்தர் சொல்லல. எனக்கு அதுதான் தாங்கல. அப்ப நான் இத்தன வருஷமா யாருக்காக மறைச்சேன்?"

எனக்காக என்று சொல்லியிருக்கலாம். பலாப்பழம் நழுவுகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

6

மறுநாள் காலை கீரைக்காரி, "ஐயா தூங்கறாரா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அன்னமேரி தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இல்ல. குடிய நிறுத்தறதுக்கு இல்லத்துல சேத்திருக்கேன். அடுத்த மாசம் வருவாரு. அரைக்கீரை ரெண்டு கட்டு குடு."

எங்கள் பிளாக்குக்கு அந்த வாரம் பேச விஷயமே இல்லை. தெரிந்த விஷயத்தைக் காதோடு காதாகப் பேசலாம். ஆளே முன்வந்து சொல்லிவிட்ட விஷயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேலி ஓரத்தில் கூடினோம், கறிவேப்பிலை பறித்தோம், கலைந்துவிட்டோம்.

கல்யாணம்? அதைத்தானே கேட்கிறீர்கள். நானும் அதைத்தான் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவு செய்தது நான்சி. ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பெண், வார்த்தையை அளந்துதான் பேசும். அருள்நாதன் வீடு திரும்பிய பிறகு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தது. (சுவருக்குப் பெரிய உதவி.)

"அத்தை, எனக்கு ஜாஸ்பரப் பிடிச்சிருக்கு. ஆனா ஓலை இப்ப வேணாம். ஒரு வருஷம் போவட்டும். ரெண்டு அப்பாவும் இல்லத்துல சனிக்கிழமை நடக்கிற வட்டத்துக்குப் போவணும். ரெண்டு பேர்ல யார் குடிச்சாலும் கல்யாணம் இல்ல. ஜாஸ்பரும் வரணும், நானும் வரேன்."

"எம் புள்ளையப் போயி குடிகாரங்க நடுவுல உக்கார வெப்பியாடி?"

"இருபத்தாறு வருஷமா உங்க வீட்ல அங்கதான அத்தை உக்காந்துக்கினு இருக்காரு."

போனில் அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அப்புறம் ஸ்டெல்லா, "எங்கிட்ட பேசற மாதிரியே அவன்கிட்டயும் பேசுவியா?" என்றார். "பேசுவேன் அத்தை" என்றது நான்சி. "அப்ப சரி" என்றார் ஸ்டெல்லா.

காதலிப்பதற்குக் கடற்கரை, பார்க், சினிமா எல்லாம் இருக்கிற உலகத்தில் இந்த இருவர் காதலித்தது பிளாஸ்டிக் நாற்காலியில், எதிரெதிராக, நடுவில் எட்டுப் பத்து முன்னாள் குடிகாரர்களோடும் இரண்டு பக்க அப்பா அம்மாவோடும். தேநீர் ஆறிப்போயிருக்கும் என்று நான்சி சொல்லும். அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லாது.

7

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் சைமன்ராஜ் குடித்துவிட்டார்.

[இந்த வாக்கியத்தை நான் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தேன். எங்கே வைத்தாலும் இப்படித்தான் விழுகிறது. காரணம் சேர்த்தால் கனமாக இருக்குமே என்று சிநேகிதர் மரணம், மேலதிகாரி அவமானம் என்று இரண்டை எழுதினேன். நிஜத்தில் அவர் சிதம்பரத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனார், குடித்தார். அவ்வளவுதான் காரணம்.]

ஸ்டெல்லாவைத் தவிர யாருக்கும் தெரியாது. ஜாஸ்பர் வேலை விஷயமாக வெளியூரில். மறுநாள் காலை சைமன்ராஜ் குளித்து, சட்டை மாற்றி, சமையலறை வாசலில் வந்து நின்றார். "ஒரே தடவ. மருமவ கண்டிஷன் போட்டிருக்கா. பையன் வாழ்க்க. நீ சொன்னாத்தான் தெரியும், ஸ்டெல்லா."

சரியான வாதம்தான். ஓலைக்கு இன்னும் சில மாதம். திருச்சியில் ட்ரெயினிங்கே நடத்தியவர் ஸ்டெல்லா, ஒரு வளைகாப்பை மறைக்க மாட்டாரா?

சனிக்கிழமை வட்டத்தில் தன் முறை வந்தபோது ஸ்டெல்லா சொல்லிவிட்டார். சைமன்ராஜ் பக்கத்து நாற்காலியில் இருக்க, நான்சி எதிரில் இருக்க, மகன் பார்த்துக்கொண்டிருக்க. "நான் இந்த வாரம் மறைக்கப் பாத்தேன். முடியல" என்று ஆரம்பித்தாராம்.

இது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் ஸ்டெல்லா அன்னமேரியின் வீட்டுக்கு வந்து அடுக்களையில் உட்கார்ந்து தன் பங்கைச் சொன்னார். பாதியில் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "சுவருக்கு அந்தாண்ட இருக்கிற அக்கா, நீங்களும் கேட்டுக்குங்க. அரையும் குறையுமா கேட்டுட்டு வேற மாதிரி எழுதிடாதீங்க" என்றார். கையிலிருந்த கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன்.

சரி, நான்சி என்ன செய்தது?

முடிவு அ: நான்சி எழுந்தது. விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி

நான்சிக்கு இன்னும் மோதிரம் மாற்றவில்லை. பூ மட்டும்தான் வைத்திருந்தார்கள்.

முடிவு ஆ: நான்சி ஓடிப்போய் அத்தையைக் கட்டிக்கொண்டு

அளந்து பேசுகிற பெண் ஓடுவதில்லை.

நடந்தது: நான்சி அன்று வட்டத்தில் தன் முறை வந்தபோது பேசாமல் அடுத்தவருக்கு விட்டுவிட்டது. அந்த வாரம் முழுக்க வீட்டிலும் பேசவில்லை. அன்னமேரி ஒரு நாள் இந்தப் பக்கம் வந்து, என் வீட்டு நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, "சம்பந்தியம்மா மறைச்சிருந்தா நல்லாருந்திருக்குமோக்கா?" என்று கேட்டாள். பழைய அன்னமேரி ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். என் வீட்டுக்காரர் குடிக்காதவர். சாப்பாட்டு மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், வாழ்க்கையில் முதல்முறையாகப் பக்கத்து வீட்டு விஷயத்தில் வாயைத் திறந்து, "இல்லம்மா" என்றார். அவ்வளவுதான். பேப்பரைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த நான்சி, செருப்பைக் கழற்றாமலே என் வாசலில் நின்று சொன்னது. தன் பங்கை மட்டும்தான்.

"ஆன்ட்டி, நான் கண்டிஷன் தப்பாப் போட்டுட்டேன். குடிச்சா கல்யாணம் இல்லன்னு சொன்னா எந்த வீட்ல சொல்லுவாங்க? அம்மா மாதிரி கதவண்டதான் நிப்பாங்க. எல்லாம் போயிடும்னு தெரிஞ்சே அத்தை சொன்னாங்க இல்ல. எங்க அப்பா குடிச்சா நான் சொல்லுவேனான்னு என்னையே கேட்டுப் பாத்தேன். ஒரு வாரமா பதில் வரல. இப்ப வந்துருச்சு. சாமியார்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன், ஈஸ்டர் முடிஞ்சி ஓலை வாசிக்கச் சொல்லி."

"ஜாஸ்பர் என்ன சொன்னார்?" என்றேன்.

நான்சி சிரித்தது. "அத அவரத்தான் கேக்கணும்."

8

இரண்டாயிரத்துப் பதினைந்து மே மாதம் நான்சிக்கும் ஜாஸ்பருக்கும் கல்யாணம் நடந்தது. பந்தலில் அருள்நாதனே நின்றார். அன்னமேரியின் அண்ணன் பந்தியைக் கவனித்துக்கொண்டார். விருந்தில் பிரியாணி இருந்தது, ஐஸ்கிரீம் இருந்தது, பாட்டில் இல்லை, இரண்டு தரப்பிலும் சில ஆண்கள் சீக்கிரமே கிளம்பிப் போனார்கள். அதுதான் எதிர்பார்த்ததும். பொண்ணும் மாப்பிள்ளையும் ஓசூரில் இருக்கிறார்கள். ஒரு பையன்.

அபி மேடம் செங்கல்பட்டுப் பக்கம் கல்யாணமாகிப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர் ஆழ்ந்த குரல்காரராம். பாவாடை எங்கள் தெருவிலிருந்து வேறு பிளாக்குக்கு மாற்றப்பட்டார். சனிக்கிழமை பஸ்ஸில் மட்டும் பார்க்கலாம். அருள்நாதன் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து அன்னமேரியோடு சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டார். பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. சுவர் இருக்கிறது, பயனில்லை.

சைமன்ராஜும் ஸ்டெல்லாவும் பண்ருட்டியிலேயே இல்லத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு எடுத்துக்கொண்டு போனார்கள். சைமன்ராஜ் அதற்குப் பிறகு குடித்தாரா, நிறுத்திவிட்டாரா என்பதுதானே கதையின் முடிவு என்பீர்கள். அது எனக்குத் தெரியாது. உங்களில் யாராவது பண்ருட்டிப் பக்கம் போனால் போய்க் கேளுங்கள். நெய்வேலியிலிருந்து வந்த ஸ்டெல்லா வீடு என்றால் காட்டுவார்கள். எனக்கும் பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

ஆனால் கேட்டால் ஸ்டெல்லா சொல்லிவிடுவார். அதனால்தான் நான் போகவில்லை.